வாக்கியம் சரியா இருக்கணும்

ஜன்னல் ஓரம் நீங்களே உக்காருங்க தம்பி. எனக்குக் காத்து வந்தாலும் ஒண்ணுதான், வராட்டியும் ஒண்ணுதான். காலையில கலெக்டர் ஆபீஸ் வராண்டாவுல போய் உக்காந்தவன், இப்பதான் விட்டாங்க. அரூர் வரைக்கும் இதே பஸ்தான். தூங்கறதுன்னா தூங்குங்க, நான் தப்பா நினைக்க மாட்டேன். ஆனா நான் பேசிக்கிட்டுதான் வருவேன். பேசலைன்னா மண்டை வெடிச்சிரும் போல இருக்கு.

ஆமா, வாத்தியார்தான். பரந்தாமன்னு பேரு. கவர்ன்மென்ட் ஹைஸ்கூல், இங்கிலீஷ். எந்த ஸ்கூல்னு கேக்காதீங்க, மலையடிவாரத்துல இருக்குன்னு வெச்சுக்குங்க. விசாரணைக்குப் போய்ட்டு வர்றேன். யாரை விசாரிச்சாங்கன்னு கேளுங்க. என்னை. பள்ளிக்கூடத்துக்கு வந்து கையெழுத்தைப் போட்டுட்டு, பிளாட் வித்துக் குடுக்கப் போறவன் ஒருத்தன் எங்க ஸ்கூல்ல இருக்கான், அவனை இல்ல. மேஜை மேல காலை நீட்டித் தூங்கறவன் இருக்கான், அவனை இல்ல. விடாம பாடம் நடத்துனவனைக் கூப்பிட்டு, நாலு பேர் முன்னாடி உக்கார வெச்சு, 'உங்களுக்குக் காது கேக்குமா சார்?'னு கேட்டாங்க. சமூக நலத்துறை மேடம். என் மக வயசு இருக்கும். அப்படியே இதே வார்த்தையிலதான் கேட்டாங்க தம்பி.

காது கேக்குது. காது நல்லாவே கேக்குது. கடைசி பெஞ்சுல ஒருத்தன் 'கெட்'டுன்னு சொல்ல வேண்டியதை 'கேட்'டுன்னு சொன்னா எனக்கு இங்கேருந்து கேக்கும்.

நடந்ததைச் சொல்றேன், நீங்களே நியாயம் சொல்லுங்க. எங்க ஸ்கூலுக்கு வர்ற பிள்ளைங்கள்ல பாதிப் பேருக்கு அப்பா அம்மா பெங்களூருல கட்டட வேலை. இங்கிலீஷ்னா டூத்பேஸ்ட் டியூப்புல பாத்ததோட சரி. பாஸ் பண்ண வெச்சாப் போதும்னு விட்டுட்டுப் போற வாத்தியார் நூறு பேர். நான் அப்படி இல்ல. திங்கக்கிழமையானா போர்டு மூலையில அஞ்சு வார்த்தை எழுதுவேன். சும்மா 'கேட்', 'டாக்'னு பூனை நாய் இல்ல. பெரிய வார்த்தை. ஊட்டி கான்வென்ட் பிள்ளைக்கே நாக்கு சுளுக்கிக்கும். ஒவ்வொண்ணுக்கும் ஒரே ஒரு தடவை தமிழ்ல அர்த்தம் சொல்வேன். அதுக்கப்புறம் வாரம் பூரா, பீரியட் ஆரம்பிச்சதும் ஒவ்வொருத்தரா எழுந்து நின்னு, அந்த வார்த்தையை வெச்சு ஒரு வாக்கியம் சொல்லணும். எழுதிப் பாத்துச் சொல்லக் கூடாது. புத்தகத்துலேருந்து சுடக் கூடாது. நின்ன இடத்துல, சொந்தமா சொல்லணும்.

முதல் வருஷம் நடந்த கூத்தைக் கேளுங்க. 'ஆப்யுலன்ட்'னு ஒரு வார்த்தை குடுத்தேன். செல்வச் செழிப்பா இருக்கறதுன்னு அர்த்தம். ஒரு பய எழுந்து நிக்கறான், நிக்கறான், வாயே திறக்கல. என்னடான்னா, 'எங்க வீட்ல அப்படி எதுவும் இல்லைங்க சார்'ங்கறான். டேய், உங்க வீட்ல இருக்கான்னு யார்ரா கேட்டது, ஏதாவது ஒண்ணு சொல்லுடான்னேன். எங்க ஆடு ஆப்யுலன்ட்னுட்டான். கிளாஸே உருண்டு பெரண்டு சிரிச்சுது. நீங்களும் சிரிக்கறீங்க. நான் சிரிக்கல. வாக்கியத்துல தப்பு இல்லையே. மறுநாளே பெயின்டரைக் கூப்பிட்டு போர்டுக்கு மேல எழுத வெச்சேன்: 'வாக்கியம் உண்மையாக இருக்க வேண்டியதில்லை. சரியாக இருக்க வேண்டும்.' அதுக்கப்புறம்தான் பிள்ளைங்க வாய் திறந்துச்சுங்க. எங்க அப்பா பைலட்டுங்கும் ஒண்ணு. எங்க வீட்ல மூணு யானைங்கும் ஒண்ணு. பயம் போச்சு. அந்த வரியை இப்ப போட்டோ எடுத்து ஃபைல்ல வெச்சிருக்காங்க. எனக்கு எதிரா சாட்சியாம்.

இன்னொரு சட்டம், என் கிளாஸ்ல தமிழ் பேசக் கூடாது. தாகம் எடுத்தாலும் இங்கிலீஷ்ல எடுக்கணும். கிளாஸ்ல மட்டும் இல்ல, என்னை எங்க பாத்தாலும் அப்படித்தான். சந்தையில பாத்தாலும் இங்கிலீஷ்தான். ரெண்டு தெருவுக்கு முன்னாடியே என்னைப் பாத்துட்டுப் பிள்ளைங்க ஓடி ஒளியும். எனக்கு அதுல ஒரு சந்தோஷம். வாத்தியாருக்குப் பயப்படாத பிள்ளை எப்படித் தேறும்?

ஒன்பதாவதுல மோனிஷான்னு ஒரு பொண்ணு. பதினாலு வயசு. அப்பன் பேரு முனிரத்தினம், சென்ட்ரிங் மேஸ்திரி. ஒல்லியா, ரெட்டை ஜடை போட்டுக்கிட்டு, மூணாவது பெஞ்சு ஓரத்துல உக்காந்திருக்கும். காலாண்டு வரைக்கும் அதுவும் மத்ததுங்க மாதிரிதான். என் புத்தகம் பெருசு, என் பேனா சிறுசுன்னு ஏதாவது சொல்லிட்டு உக்காந்துரும். காலாண்டு லீவு முடிஞ்சு வந்தப்புறம் பாருங்க, ஆளே மாறிப்போச்சு.

அது எப்படின்னா, ஒருநாள் சாயங்காலம் நான் பஸ்ஸுக்கு நின்னுக்கிட்டிருந்தேன். இந்தப் பொண்ணு வந்து பக்கத்துல நின்னுச்சு. ஓடி ஒளியாம நின்னுச்சேன்னு எனக்கே ஆச்சரியம். 'சார், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும், எங்க வீட்ல'ன்னு ஆரம்பிச்சுது. இன் இங்கிலீஷ்னு சொன்னேன். பழக்கம் தம்பி. வாய் தானா சொல்லிரும். வீட்ல என் சம்சாரம் காபி வேணுமான்னு கேட்டாக் கூட சில நேரம் வந்துரும். பொண்ணு வாயைத் திறந்துச்சு, மூடுச்சு. வார்த்தை கிடைக்கல. அதுக்குள்ள பஸ் வந்துருச்சு. யோசிச்சு வெச்சு நாளைக்குச் சொல்லுன்னு சொல்லிட்டு ஏறிட்டேன்.

இப்ப அதையும் குத்தம்ங்கறாங்க. நான் சொல்றேன், அன்னைக்கு நான் அப்படிச் சொன்னதாலதான் அந்தப் பொண்ணுக்கு இங்கிலீஷே வந்துச்சு. மறுநாள்லேருந்து மத்தியானச் சாப்பாட்டை அவசரமா முடிச்சிட்டு லைப்ரரியில போய் டிக்‌ஷனரியும் கையுமா உக்காந்துரும். எச்.எம். ரெஜினா மேடமே பாத்துட்டு, 'என்ன சார் மந்திரம் போட்டீங்க?'னு கேட்டாங்க. இதே ரெஜினா மேடம்தான் இன்னைக்கு, 'எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க, அது பரந்தாமன் சார் கிளாஸ்'னு கழண்டுக்கிட்டாங்க. பழி ஒரு பக்கம் பாவம் ஒரு பக்கம்னு சொல்வாங்கல்ல.

அதுக்கப்புறம் அந்தப் பொண்ணு சொன்ன வாக்கியம் ஒவ்வொண்ணும் எனக்கு மனப்பாடம். சொல்றேன் கேளுங்க. 'பெர்சிஸ்டன்ட்'னு ஒரு வார்த்தை, விடாப்பிடியா இருக்கறது. எழுந்து சொல்லுச்சு, எங்க அம்மா பெர்சிஸ்டன்ட், தினமும் ராத்திரி அதையேதான் கேக்கறாங்கன்னு. இங்கிலீஷ்லதான். நான் வெரி குட் சொன்னேன். 'இனெவிட்டபிள்'னு ஒரு வார்த்தை, தவிர்க்கவே முடியாததுன்னு அர்த்தம். பொங்கலுக்கு அப்புறம் அது இனெவிட்டபிள்னு சொல்லுச்சு. அதுன்னா எதும்மா, பெயரைச் சொல்லாம 'அது'ன்னா கேக்கறவனுக்கு எப்படிப் புரியும்னு கேட்டேன். பாருங்க, கேட்டேன். நான் கேக்கலைன்னு ஃபைல்ல எழுதியிருக்காங்க. பொண்ணு கிளாஸைச் சுத்திப் பாத்துட்டு, 'பரீட்சை சார்'னுச்சு. எக்ஸாம் இஸ் இனெவிட்டபிள். சரின்னு உக்காரச் சொல்லிட்டேன்.

அப்புறம் 'கன்சென்ட்'. சம்மதம். அன்னைக்குக் கிளாஸ் நடந்த மாதிரி என் சர்வீஸ்ல ஒருநாளும் நடந்ததில்ல தம்பி. பொண்ணு எழுந்து, நோபடி ஆஸ்க்டு மை கன்சென்ட்னு சொல்லுச்சு. யாரும் என் சம்மதத்தைக் கேக்கல. எவ்வளவு சுத்தமான வாக்கியம் பாருங்க. அப்படியே பாசிவ் வாய்ஸுக்கு மாத்தலாம். மாத்துங்கடா எல்லாரும்னேன். மை கன்சென்ட் வாஸ் நாட் ஆஸ்க்டு. சத்தமா. நாப்பது பிள்ளைங்களும் கோரஸா, மை கன்சென்ட் வாஸ் நாட் ஆஸ்க்டு, மை கன்சென்ட் வாஸ் நாட் ஆஸ்க்டுன்னு சொல்லுதுங்க, ஓட்டுக் கூரை அதிருது. ரெஜினா மேடம் வராண்டாவுல நின்னு கேட்டுட்டுச் சிரிச்சுக்கிட்டே போனாங்க. மோனிஷா மட்டும் சொல்லல. நீ ஏம்மா சொல்லலைன்னு கேட்டேன். கண்ணுல தண்ணி. தூசி விழுந்துருச்சு சார்னு சொல்லுச்சு, அதையும் இங்கிலீஷ்லயே சொல்லுச்சு. எனக்கு அவ்வளவு பெருமை.

அதுக்குள்ள மாவட்ட அளவுல வார்த்தைப் போட்டி அறிவிச்சாங்க. மாசி மாசம். பிரைவேட் ஸ்கூல் பிள்ளைங்களோட மோதணும். நான் மோனிஷா பேரைக் குடுத்தேன். கவர்ன்மென்ட் ஸ்கூல்லேருந்து, அதுவும் எங்க ஸ்கூல்லேருந்து ஒரு பேரு போறது அதான் முதல் தடவை. அந்தப் பொண்ணுகிட்ட சொன்னேன், நீ ஜெயிச்சா உன் போட்டோ பேப்பர்ல வரும்னு. மாசி மாசம் நான் இருக்க மாட்டேன் சார்னுச்சு. அப்படியெல்லாம் அபசகுனமாப் பேசாதேன்னு அதட்டினேன்.

தண்ணி இருக்கா தம்பி? ஒரு வாய் குடுங்க. வாய் காஞ்சு போச்சு.

தை பொறந்ததும் முனிரத்தினம் பத்திரிகை கொண்டுவந்து ஸ்டாஃப் ரூம்ல வெச்சான். மஞ்சள் நீராட்டு விழா. பொண்ணு வயசுக்கு வந்து ஒரு வருஷம் ஆச்சாம், இப்பதான் கை கூடி வந்துச்சாம். எங்க பக்கம் அது வழக்கம்தான், வசதி வர்றப்ப வெச்சுக்குவாங்க. கண்டிப்பா வரணும் சார், உங்க பேரைத்தான் வீட்ல எந்நேரமும் சொல்லிக்கிட்டிருக்குன்னான். வேற எந்த வாத்தியாரும் போகல. நான் போனேன். சும்மா போகல. புதுசா ஒரு டிக்‌ஷனரி வாங்கி, ஜிகினாப் பேப்பர் சுத்தி எடுத்துக்கிட்டுப் போனேன். விசாரணையில அதையும் எழுதிக்கிட்டாங்க.

பந்தல் போட்டு, சீரியல் லைட்டு கட்டி, ரேடியோ செட்டு அலறுது. மேடையில மோனிஷா பட்டுப்புடவை கட்டிக்கிட்டு நிக்குது. அடையாளமே தெரியல. பக்கத்துல தாய்மாமன். மாதேஷ்னு பேரு, முப்பது வயசு இருக்கும், பெங்களூருல ஜேசிபி ஓட்டறான். பட்டு வேட்டி, ரோஜா மாலை. நீங்க உடனே, அதைப் பாத்துமா உங்களுக்குத் தெரியலைன்னு கேப்பீங்க. விசாரணையில அந்த சமூக நலத்துறை மேடமும் கேட்டாங்க. ஏங்க, சடங்குன்னா தாய்மாமன்தானே சீர் கொண்டுவரணும்? அவன்தானே மாலை போடணும்? நம்ம ஊர்ல எந்த வீட்ல வேற மாதிரி நடக்குது? தாய்மாமன் மாலையோட நிக்கறதைப் பாத்து நான் போலீசுக்கா போன் பண்ணுவேன்?

மேடை ஏறிப் புத்தகத்தைக் குடுத்தேன். பொண்ணு வாங்கல. என் முகத்தையே பாத்துது. அப்புறம் சொல்லுச்சு, சார், ஐ ஆம் ரிலக்டன்ட். அந்த வாரத்து வார்த்தை அது. மனசில்லாம, விருப்பமில்லாமன்னு அர்த்தம். எனக்கு உச்சி குளிர்ந்து போச்சு. சடங்கு மேடையில, பட்டுப்புடவையில நின்னுக்கிட்டு, வார்த்தைப் பாடத்தை மறக்கல பாருங்க. ஆனா வாக்கியம் பாதியில நிக்குது. ரிலக்டன்ட்னு சொன்னா எதுக்கு ரிலக்டன்ட்னு சொல்லணும்ல. முழுசாச் சொல்லும்மான்னேன். கம்ப்ளீட் த சென்டன்ஸ்.

பொண்ணு மூச்சை இழுத்துக்கிட்டுச் சொல்லுச்சு. ஐ ஆம் ரிலக்டன்ட் டு என்டர் இன்டு வெட்லாக் வித் மை அங்கிள். ப்ளீஸ் இன்டர்வீன், சார்.

வெட்லாக் தம்பி. நான் நடத்தாத வார்த்தை. கல்யாண பந்தம்னு அர்த்தம், வக்கீலுங்கதான் எழுதுவாங்க. டிக்‌ஷனரியில தேடித் தேடி, அந்தப் பந்தல்ல ஒருத்தருக்கும் தெரியாத வார்த்தையாப் பாத்துப் பொறுக்கி எடுத்துட்டு வந்திருக்கு. இன்டர்வீன்னா குறுக்கே வந்து தடுக்கறது, அது மட்டும் என் பாடம். நான் அப்படியே பூரிச்சுப் போய்ட்டேன். வெரி குட், வெரி குட்னு கை தட்டினேன். முனிரத்தினம் ஓடி வந்தான். 'என்னங்க சார் சொல்லுது எம்பொண்ணு?'ன்னான். அருமையாப் பேசுதுய்யா, பெரிய இடத்துப் பிள்ளைங்க கூட இப்படிப் பேசாதுன்னேன். அவ்வளவுதான், அவனுக்குக் கால் தரையில நிக்கல. மைக்குக்காரனைக் கூப்பிட்டு, மைக்கைப் பொண்ணு வாய்கிட்ட நீட்ட வெச்சு, இன்னொரு தடவை சொல்லுன்னான். சொல்லுச்சு. ஸ்பீக்கர்ல ஊர் பூரா கேட்டுது. அங்கிள்ங்கறது மட்டும் காதுல விழுந்து, மாதேஷ் வெக்கப்பட்டுச் சிரிச்சான். பந்தலே கை தட்டுச்சு.

கீழ நின்ன எங்க கிளாஸ் பொண்ணுங்க மட்டும் தட்டல. அபிநயான்னு ஒண்ணு, மோனிஷாவுக்குப் பக்கத்துல உக்கார்ற பொண்ணு, என்னையே முறைச்சுப் பாத்துக்கிட்டு நின்னுச்சு. பொறாமைன்னு நினைச்சேன். கூடப் படிக்கறவளுக்குப் பேரு வந்தா யாருக்குத்தான் பொறுக்கும்?

அர்த்தம் தெரியாதான்னு நீங்க கேக்கறது புரியுது. உங்க மூஞ்சியிலேயே எழுதியிருக்கு. அர்த்தம் தெரியும். ஒவ்வொரு வார்த்தைக்கும் தெரியும். ஆனா அர்த்தம் வேற, சேதி வேற தம்பி. எங்க வீட்ல மூணு யானைன்னு ஒரு பிள்ளை சொன்னா, நான் போய் யானையைத் தேடவா முடியும்? இருபத்தஞ்சு வருஷமா வாக்கியமாவே கேட்டுக் கேட்டு வந்த காது இது. வாத்தியார் வேலை பாத்திருந்தா உங்களுக்குத் தெரியும். பாக்காதவங்களுக்கு என்ன சொன்னாலும் ஏறாது.

அப்புறம் பந்தியில உக்கார வெச்சாங்க. சாப்பிட்டேன். முனிரத்தினமே பக்கத்துல நின்னு பரிமாறினான். கிளம்பறப்ப மேடையைப் பாத்துக் கையை ஆட்டினேன். பொண்ணு பாத்துக்கிட்டுதான் இருந்துச்சு, திருப்பி ஆட்டல. களைப்பா இருக்கும்னு நினைச்சேன். மறுநாள் விடியறதுக்குள்ள மலைக்கோயில்ல வெச்சுத் தாலி கட்டிட்டாங்க. நான் மேடையில நின்னப்ப இன்னும் ஒண்ணும் ஆகல, பாத்துக்குங்க. அதைத்தான் அந்த மேடம் திரும்பத் திரும்பச் சொன்னாங்க. 'அப்ப இன்னும் ஒண்ணும் ஆகல சார், ஒரு போன் போதும் சார்'னு.

திங்கக்கிழமை கிளாஸுக்குப் போறேன், மோனிஷா இல்ல. எங்கன்னு கேட்டா, கல்யாணம் ஆகிப் பெங்களூர் போயிருச்சுங்கறாங்க. எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லுங்க. போட்டிக்குப் பேரு குடுத்தாச்சு. அந்தப் பொண்ணை அந்த நிலைக்குக் கொண்டுவர நான் பட்ட பாடு. கிளாஸ்ல கத்திட்டேன். என்கிட்ட ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொன்னாளாடான்னு கத்தினேன். எல்லாம் தலையைக் குனிஞ்சுக்கிச்சுங்க. அபிநயா எழுந்துச்சு. 'சொன்னா சார்'னுச்சு. இன் இங்கிலீஷ்னேன்.

வந்துருச்சு தம்பி. என்ன பண்றது, வந்துருச்சு.

ஷி டோல்டு யூ எவ்ரி டே, சார்னு சொல்லிட்டு, நான் சொல்லாமலே உக்காந்துருச்சு. அந்த வாக்கியத்துலயும் தப்பு இல்ல.

போட்டிக்கு வேற ஒரு பையனை அனுப்பினேன். முதல் சுத்துலயே வெளியே வந்துட்டான். அது கிடக்கட்டும். மோனிஷா அங்க பெங்களூருல, வேலை நடக்கற இடத்துலேயே தகரக் கொட்டாயில இருந்திருக்கு. யாருகிட்டயோ போன் வாங்கி அபிநயாவைக் கூப்பிட்டிருக்கு. அபிநயா ஹெல்ப்லைனுக்குச் சொல்ல, ஆபீசருங்க போய்க் கூட்டிட்டு வந்துட்டாங்க. இப்ப டவுன்ல காப்பகத்துல இருக்கு. மாதேஷ் மேல கேஸ், முனிரத்தினம் மேல கேஸ். என் மேல என்ன? பதினேழு பி சார்ஜ் மெமோ குடுக்கலாமான்னு பாக்கறாங்க. சர்வீஸ்ல கறுப்புப் புள்ளி. வீடியோ இருக்கு பாருங்க. நான் மேடையில கை தட்டறது வீடியோவுல அழகா விழுந்திருக்கு. இன்னைக்குப் போட்டுக் காட்டுனாங்க. ரெண்டு தடவை போட்டாங்க.

பொண்ணும் வந்திருந்துச்சு. காப்பகத்து அம்மா கூட, நீல சுடிதார் போட்டுக்கிட்டு. இன்னும் ஒல்லியாயிருச்சு. எனக்கு ஒரு நம்பிக்கை இருந்துச்சு தம்பி, உள்ளதைச் சொல்றேன். இந்தப் பொண்ணு எனக்காகப் பேசும்னு நினைச்சேன். இவர்தான் எனக்கு இங்கிலீஷ் சொல்லிக் குடுத்தார், இவர் மட்டும் இல்லைன்னா நான் ஒண்ணுமே இல்லன்னு, அதையும் நல்ல இங்கிலீஷ்ல சொன்னா, அந்த ஆபீசருங்க வாயடைச்சுப் போவாங்கன்னு நினைச்சேன். மேடம் கேக்கறதுக்கெல்லாம் பொண்ணு தமிழ்லயே சொல்லிக்கிட்டு வந்துச்சு. தகரக் கொட்டாயைப் பத்திச் சொல்லுச்சு. ராத்திரியைப் பத்திச் சொல்லுச்சு. அதை நான் உங்ககிட்ட சொல்ல மாட்டேன். எனக்கும் பொண்ணு இருக்கு.

நடுவுல நான் சொன்னேன், மேடம், இந்தப் பொண்ணு இங்கிலீஷ் பிரமாதமாப் பேசும், பேசச் சொல்லிப் பாருங்கன்னு. ஸ்பீக் மோனிஷான்னு நானே சொன்னேன். பொண்ணு என் பக்கம் திரும்பி, மெதுவாதான் சொல்லுச்சு, 'இங்க எல்லாருக்கும் புரியணும் சார்.' அவ்வளவுதான். திரும்ப மேடத்தைப் பாத்துப் பேச ஆரம்பிச்சுருச்சு. நான் சொல்லிக் குடுத்த வார்த்தை ஒண்ணு, ஒண்ணே ஒண்ணு கூட அது வாயிலேருந்து வரல. அவ்வளவு உழைச்சேனே தம்பி. எனக்கு அழுகையே வந்துருச்சு. எதுக்கு வந்துச்சுன்னு இன்னும் எனக்கே தெரியல.

கடைசியா மேடம் என் பக்கம் திரும்பினாங்க. டைப் அடிக்கிறவர் ஒருத்தர் ஓரமா உக்காந்து எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல அடிச்சுக்கிட்டிருந்தார்.

'மேடையில இந்தப் பொண்ணு உங்ககிட்ட என்ன சொல்லுச்சு?'

ஐ ஆம் ரிலக்டன்ட்னு ஆரம்பிச்சேன். 'தமிழ்ல சொல்லுங்க சார், வாக்குமூலம் தமிழ்லதான்'னாங்க.

நான் இதுவரைக்கும் அதைத் தமிழ்ல சொன்னதில்ல. என் சம்சாரத்துகிட்ட சொன்னப்பக் கூட இங்கிலீஷ்லதான் சொன்னேன். சொல்லிப் பாத்தேன். 'சார், எங்க மாமாவைக் கட்டிக்க எனக்கு இஷ்டமில்ல. தயவுசெஞ்சு தடுத்து நிறுத்துங்க.' அதைத்தான் சொல்லுச்சுன்னேன். சொல்லி முடிச்சதும் கம்ப்யூட்டர்ல அதை டக்டக்குன்னு அடிக்கற சத்தம் கேட்டுது. கேட்டுது தம்பி, நல்லாவே கேட்டுது.

'அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க?'

வெரி குட்னு சொன்னேன் மேடம்னேன்.

டைப் அடிக்கிறவர் கையை நிறுத்திட்டு என்னைப் பாத்தார். 'அதைத் தமிழ்ல எப்படி சார் போடறது?'ன்னார். குத்தலாக் கேக்கல, பாவம், நெசமாவே தெரியாமதான் கேட்டார். அர்த்தம் சொல்றதுதான் என் பொழப்பே, அந்த ரெண்டு வார்த்தைக்கு எனக்கு வாய் வரல.

மோனிஷாதான் சொல்லுச்சு. கோவமா இல்ல, அழுகையா இல்ல. கிளாஸ்ல நான் கேட்டா எழுந்து வாக்கியம் சொல்லுமே, அந்தக் குரல்லதான் சொல்லுச்சு.

'ரொம்ப நல்லதுன்னு போட்டுக்குங்க சார்.'